விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்க்கே விருந்தா?

ஏழை எளியவருக்கு உழைக்கும் அமைப்புகளுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கைவிரித்த காலம் ஒன்று உண்டு. இன்று அப்படிச் சொல்ல முடியாது. சட்டம் போட்டே பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி - இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட்டாக வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கருணையால் கொடுப்பதல்ல, கடமையால் கொடுப்பது!

பணம் இருக்கிறது. அதற்குரிய மக்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரு படிவம் இருக்கிறது.

அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையடிவாரத்தில் பன்னிரண்டு பெண்கள் ஒரு குழுவாகக் கூடுகிறார்கள். மலையிலே விளையும் சாமையை உழவரிடம் நியாய விலைக்கு வாங்கி, உமி நீக்கி, அரிசியாக்கி விற்கிறார்கள். உரலில் இட்டுக் குத்தியே தோள் இற்றுப்போனவர்கள் அவர்கள். ஓர் இயந்திரம் வந்தால் உடம்பு தப்பும். மலை மக்களுக்கு நாலு காசு கூடக் கிடைக்கும். இடைத்தரகன் பிடி தளரும். இதற்குச் சமூகத் தொழில் முனைவு என்று இன்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் புதிது, பாடு பழையது.

இவர்கள் உதவி கேட்டுப் புறப்படுகிறார்கள். எந்தக் கதவைத் தட்டுவது?

கம்பெனியின் கதவைத் தட்டினால், "நீங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளையா, சங்கமா, 8-ஆவது பிரிவுக் கம்பெனியா?" என்று கேட்பார்கள். வருமான வரித் துறையிலே பெற்ற பதிவு - தொண்டு நிறுவனத்தார் வாயில் 12ஏ, 80ஜி என்று வழங்குவது - உண்டா என்பார்கள். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 என்னும் படிவத்திலே மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். இவற்றோடு இதே வகை வேலையில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். சுய உதவிக் குழுவோ இந்தப் பட்டியலில் இல்லை. உழவர் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியும் இல்லை. பாட்டாளிகள் தாங்களாகக் கூடி அமைத்த உருவம் எதுவோ, அதற்கு இந்தப் பந்தியிலே இலை போடப்படவில்லை! என்ன விந்தை பாருங்கள்.

வெளிநாட்டு உதவி கேட்கலாமென்றால் அங்கே வேறொரு சட்டம் நிற்கிறது. 1976-இல் பிறந்து, 2010-இல் மறுபிறவி எடுத்து, 2020-இல் இன்னும் இறுக்கப்பட்டது அது. மூன்றாண்டு வாழ்ந்திருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 இலட்சம் ரூபாயாவது பணி செய்து செலவிட்டிருக்க வேண்டும், அப்போதுதான் பதிவு. பதினைந்து இலட்சம் செலவிட வழியிருந்தவன் ஏன் கையேந்தி நிற்கிறான் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? முன் அனுமதி என்று வேறொரு வழியும் உண்டு. குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட காரியத்துக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் மலையடிவாரக் குழுவுக்கு அப்படி எழுதிக் கொடுப்பவர் எங்கே இருக்கிறார்? முன்பெல்லாம் நகரத்துப் பெரிய நிறுவனம் பணத்தை வாங்கிச் சிற்றூரிலே உள்ள சிறிய அமைப்புகளுக்குப் பங்கிட்டுத் தரும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிக் கைமாற்றுவதையே தடுத்துவிட்டது. பணம் வந்தால் முதலில் புதுடில்லியில் ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளைக் கணக்கிலேதான் வந்து இறங்க வேண்டும். கட்டுப்பாடு தேவையில்லை என்று நாம் வாதாடவில்லை. வெளியிலிருந்து வரும் பணத்துக்குக் கணக்கு வேண்டும்தான். பெரிய மீனுக்கு விரித்த வலையிலே சிறிய மீனும் சிக்கித் தவிக்கிறதே என்பதுதான் நம் கவலை.

சமூகப் பங்குச் சந்தை என்று மூன்றாவது கதவொன்றும் திறந்திருக்கிறது. 2019 வரவு செலவுத் திட்ட உரையிலே அறிவிக்கப்பட்டு, 2022-இல் செபியின் விதிகள் வந்து, 2023 டிசம்பரில் முதல் அமைப்பு அதிலே இடம் பெற்றது. பத்திரம் வாங்குகிறவருக்கு வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. அந்தப் பத்திரத்துக்குப் பெயரே அப்படித்தான்! கொடைக்குப் பத்திர வேடம் போட்டிருக்கிறார்கள், போகட்டும். குறைந்தது 50 இலட்சம் ரூபாய் திரட்டுகிறவருக்கே அந்த மேடை. முதலில் அது ஒரு கோடியாக இருந்து பிறகு பாதியாகக் குறைக்கப்பட்டது. நம் குழுவுக்கு வேண்டியது ஐந்து இலட்சத்துக்கும் குறைவு.

கதவுகளைக் கடந்தவருக்குத்தான் கேள்வித்தாள். அது பெரும்பாலும் ஆங்கிலத்திலே வருகிறது. உங்கள் வெளியீடு என்ன, விளைவு என்ன, மாற்றக் கோட்பாடு என்ன, நிதி நின்ற பின் நிலைக்கும் வழி என்ன என்று கேட்கிறது. கேள்வியைக் கண்டதும், எழுதித் தருவதற்கென்றே நகரத்திலே ஒருவரைத் தேடி ஓடுகிறார்கள். அவர் எழுதுவது அழகாக இருக்கும். ஆனால் அதிலே மலையும் இராது, சாமையும் இராது. எந்த ஊருக்கும் பொருந்துகிற விண்ணப்பம் அது.

உண்மையில் அந்தக் கேள்விகள் பொல்லாதவை அல்ல. தமிழிலே கேட்டால் நம் பெண்களே பதில் சொல்லிவிடுவார்கள். இயந்திரம் வந்தது, இத்தனை மூட்டை அரைத்தது - இது வெளியீடு. ஒரு படிச் சாமைக்கு உழவனுக்குக் கிடைத்த விலை எவ்வளவு உயர்ந்தது, உரலுக்கு முன் நின்ற நேரம் எவ்வளவு குறைந்தது - இது விளைவு. இயந்திரத்தினாலே எப்படி விலை உயரும் என்று காரணத்தைக் கோத்துக் காட்டுவதுதான் அந்தக் கோட்பாடு. கூலிக்கு எழுதுகிறவருக்கு இது தெரியாது. தோள் நொந்தவளுக்குத் தெரியும். ஆகவே, முதலில் அவள் தமிழிலே சொல்லட்டும். பிறகு எவரேனும் மொழிபெயர்க்கட்டும். பணம் கேட்பதற்கு ஆறு மாதம் முன்பே, இன்றைய விலை என்ன, எத்தனை வீடு, எத்தனை மூட்டை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். முன்னிருந்த நிலை எழுதப்படாவிட்டால், பின்வந்த மாற்றத்தை எதைக் கொண்டு அளப்பது?

கணக்குப் புத்தகத்தின் வலிமைக்குச் சான்று வேண்டுமா? 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். நட்டம் வந்தாலும் நன்கொடைக்குப் போவதில்லை என்பது அவர்கள் கொண்ட வைராக்கியம். ஏழாண்டுக்குப் பிறகு, 1966-இல், சங்கமாகப் பதிவாயிற்று. கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைக் கிராமத் தொழிலென ஏற்றது. 8 இலட்சம் ரூபாய் நடைமுறை மூலதனமும் கிடைத்தது. அதுதான் லிஜ்ஜத். பணம் வந்து தொழில் பிறக்கவில்லை. தொழில் நின்றது, பணம் தேடி வந்தது.

அகமதாபாத்திலே எலா பட் அம்மையார் 1972-இல் அமைத்த சேவா சங்கத்தின் கதையும் இத்தகையதே. தலைச்சுமை தூக்குவோர், தெருவில் காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர் - இந்தப் பெண்களுக்கு வங்கிகள் முகங்கொடுக்கவில்லை. 1974-இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியைக் கண்டார்கள். எழுத்தறியாதவர்கள் வங்கி நடத்துவதாவது என்று தடை வந்தது; கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு போய் நின்றார்கள். சேமிப்புப் புத்தகத்தில் புகைப்படம் ஒட்டி அடையாளத்துக்கு வழி செய்தார்கள். அவர்களுடைய பத்து ரூபாயை எந்தப் படிவமும் கேள்வி கேட்க முடியாது. இன்றைக்கும் நிதி தருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்: உங்கள் கைப்பணம் இதிலே எவ்வளவு? ஒரு ரூபாயானாலும் விண்ணப்பத்திலே மறக்காமல் எழுத வேண்டியது அது.

லிஜ்ஜத்தைக் காட்டி, "நன்கொடையே வேண்டாம், நீங்களும் அப்படி முன்னேறுங்கள்" என்று உபதேசிக்கும் உத்தமர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாத் தொழிலும் அப்பளம் அல்ல. வாங்குகிறவன் கையிலே காசில்லாத இடத்தில் விற்கிறவன் எப்படி இலாபம் காண்பான்? மதுரையிலே 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகப் பார்க்கும் வழியைக் கண்டது. அங்கே கொடுக்க முடிந்தவரும் வந்தார்கள். நம் மலையடிவாரத்திலே அப்படிப் பிரிக்க ஆளில்லை. அங்கே தொடக்கப் பணம் எவரேனும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதற்குக் கொடுக்கிறார்கள்? இயந்திரம் 2 இலட்சம். கொட்டகை 1 இலட்சம். கணக்கெழுதும் பெண்ணுக்கு மாதம் 8,000 வீதம் ஆண்டுக்கு 96,000. மின்சாரம், பழுது மாதம் 3,000 வீதம் 36,000. ஆக 4,32,000 ரூபாய். இயந்திரத்துக்குக் கொடுக்க ஆள் வரும். பெயர்ப்பலகை மாட்டலாம், படம் பிடிக்கலாம். கொட்டகைக்கும் வரும். கணக்கெழுதும் பெண்ணுக்கு? "அது நிர்வாகச் செலவு, மொத்தத்தில் நூற்றுக்கு 22 வருகிறதே!" என்று முகம் சுளிப்பார்கள். வெளிநாட்டு உதவியிலே நிர்வாகச் செலவின் எல்லை 2020 வரை நூற்றுக்கு 50. அதற்குப் பிறகு 20. அந்தப் பெண் இல்லாவிட்டால் எடை எழுத ஆளில்லை. எடை எழுதாவிட்டால் உழவன் நம்ப மாட்டான். உழவன் நம்பாவிட்டால் சாமை வராது. பிறகு இயந்திரம் துருப்பிடிக்கும், பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கும்!

இங்கே விதியைப் படித்தவர் பிழைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு மருத்துவர் சம்பளமும் பள்ளிக்கு ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவாகா என்று வெளிநாட்டு உதவி விதிகளே சொல்கின்றன. அப்படியானால் கொள்முதல் நிலையத்திலே எடை பார்த்து விலை தரும் பெண்ணின் சம்பளமும் பணியின் செலவே. அவளை "எழுத்தர்" என்று ஒரு சொல்லிலே எழுதி முடித்துவிடாமல், அவள் செய்யும் வேலை என்னவோ அதை விரித்து எழுத வேண்டும். கம்பெனிப் பணத்திலே "ஐந்து விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகத்துக்குக் கூடாது" என்று எவரேனும் சொன்னால், அந்த ஐந்து எவருடைய ஐந்து என்று கேட்கலாம். கம்பெனி தன் சொந்த அலுவலகத்திலே இந்த வேலைக்காகச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்குத்தான் விதி அந்த எல்லையைப் போட்டிருக்கிறது. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதிலே சேராது.

கேட்கிறவருக்குச் சொன்னோம்; கொடுக்கிறவருக்கும் சொல்ல வேண்டாமா? தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135-ஆவது பிரிவு கம்பெனிகளுக்குச் சொல்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆலை இருக்கும் ஊருக்குப் பள்ளிக் கட்டடமும் குடிநீர்த் தொட்டியும் வரும். ஆலையே இல்லாத மலைக்கு? நாட்டிலே இந்தப் பணத்தை மிகுதியாகப் பெறும் மாநிலம் மராட்டியம் என்பதிலே வியப்பொன்றுமில்லை. பெரிய கம்பெனிகளின் தலைமையிடம் பம்பாய்.

மாநில அரசுக்கு இந்த வேலை புதிதல்ல. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தமிழ்நாட்டிலே அமைந்தது. 1989-இல் தர்மபுரியிலே பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு சுய உதவிக் குழுக்கள் முளைத்தன. குழு கூடுவதும், சேமிப்பதும், தீர்மானப் புத்தகம் எழுதுவதும் நம் பெண்களுக்குக் கைவந்த கலை. மாவட்டந்தோறும் இருக்கும் மகளிர் திட்ட அலுவலகத்திலே ஒரு மேசை போடட்டும். எந்தக் கம்பெனி, எந்த அறக்கட்டளை, எதற்கு, எப்போது விண்ணப்பம் கேட்கிறது என்பதைத் தமிழிலே எழுதி ஒட்டட்டும். பதிவு பெற்ற சங்கமொன்றைக் குழுக்கள் கூட்டாக அமைத்துக்கொள்ள வழிகாட்டட்டும். ஆடிட்டரின் கட்டணத்தை முதல் மூன்றாண்டுக்கு அரசே ஏற்கட்டும். ஐந்து இலட்சத்துக்கும் ஐந்து கோடிக்கும் ஒரே நாற்பது பக்கப் படிவம் நீட்டுகிறவர்கள், சிறு தொகைக்கு நான்கு பக்கம் போதும் என்று முடிவு செய்யட்டும். மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று ஒரு வரி எழுதட்டும். அடுத்த விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்ள அந்த ஒரு வரி போதும்.

செலவு செய்துவிட்டு ரசீது கொண்டுவா, பிறகு பணம் தருகிறோம் என்னும் வழக்கம் சில இடங்களிலே இருக்கிறது. அதை முதலிலே ஒழிக்க வேண்டும். கையில் காசில்லாதவள் ரசீதை எங்கிருந்து கொண்டுவருவாள்? கந்துவட்டிக்காரனிடமிருந்துதான். மானியம் வந்து சேரும் நாளில் அவள் கட்டிய வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.