பாட்டுக்குப் பின்னால் இருந்த கைகள்

நம் வீட்டுப் பிள்ளைகள் தேயத் தேயக் கேட்ட ஒலிநாடாக்களில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஒன்று. 1982 நவம்பரில் வெளிவந்த அதைப் பாடியவரை உலகமே அறியும். வாசித்தவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் முக்கியமானவர்கள் 'டோட்டோ' என்ற ராக் குழுவினர்.

லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 1977-இல் உருவான குழு அது. இசை அவர்களுக்குக் குலத்தொழில் மாதிரி. கீபோர்டு வாசித்த டேவிட் பெய்ச்சின் தந்தை மார்ட்டி, பெயர் பெற்ற இசையமைப்பாளர். டிரம்ஸ் வாசித்த ஜெஃப் பொர்க்காரோ, சின்தசைசர் வாசித்த தம்பி ஸ்டீவ் ஆகியோரின் தந்தை ஜோ, தாளவாத்தியக் கலைஞர். பிள்ளைகளும் சொந்தக் குழு ஒருபுறம், பிறர் பாட்டுக்கு ஸ்டூடியோவில் வாசிப்பது மறுபுறம் என்று வாழ்ந்தார்கள்.

'பீட் இட்' பாட்டில் எட்டி வான் ஹேலனின் கிட்டார் தனி ஆவர்த்தனம் புகழ்பெற்றது. ஆனால் அதைப் பதிவு செய்தபோது நாடாவை வெட்டி ஒட்டியதால், மற்ற நாடாக்களோடு அது இணையவில்லை. ஜாக்சனின் குரலையும் அந்த ஆவர்த்தனத்தையும் வைத்துக்கொண்டு, ஜெஃப் டிரம்ஸைப் புதிதாக வாசித்தார். ஸ்டீவ் லூகதர் கிட்டாரையும் பேஸ் கிட்டாரையும் வாசித்தார். கட்டி முடித்த கோபுரத்துக்கு அடியில் அஸ்திவாரம் போட்ட கதைதான்!

'ஹியூமன் நேச்சர்' மெட்டு ஸ்டீவ் பொர்க்காரோவுடையது. பள்ளியில் ஒரு பையன் தள்ளிவிட்டான் என்று வருந்தி வந்த தன் சின்ன மகளைத் தேற்றப் போய்ப் பிறந்த பாட்டு. பெய்ச்சின் பாடல்களோடு ஒரே கேஸட்டில் போன அதைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் தற்செயலாகக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்.

இங்கேதான் ஒரு வேறுபாடு. மெட்டுப் போட்டவருக்கு விற்பனைதோறும் பங்கு உண்டு. வாசித்தவருக்கு அன்றைய ஊதியத்தோடு சரி, இசைத்தட்டு எத்தனை கோடி விற்றாலும்!

ஆனாலும் டோட்டோவுக்குக் குறை வைக்கவில்லை காலம். 1983 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அவர்களின் 'டோட்டோ 4'க்கே கிடைத்தது. மறு ஆண்டு 'த்ரில்லர்' அதே விருதைப் பெற்றது. ஜெஃப் 1992-இல், 38 வயதிலேயே மறைந்தார். அவர் தட்டிய தாளம் இன்றும் ஒலிக்கிறது.

கோடம்பாக்கத்தில் வயலினும் தபேலாவும் வாசித்த எத்தனையோ பேரின் பெயரும் நமக்குத் தெரியாது. அடுத்த முறை ஒரு பாட்டுப் பிடித்தால், வாசித்தவர் யாரென்று தேடிப் பாருங்கள். பிள்ளைகளையும் தேடச் சொல்லுங்கள். அது நாம் செலுத்தும் சிறு மரியாதை.