ரொறன்ரோவைக் கேட்ட காது

புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து கனடாவுக்குப் போனவர்கள் அந்த நகரை ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அது ‘டொரண்டோ’. பெயரின் முதலொலி ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னுள்ள ஈறைத் தொடுவதால் பிறக்கிறது. யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’ என்னும்போது நாக்கு போய்த் தொடுவதும் ஏறக்குறைய அந்த இடத்தைத்தான். தமிழ்நாட்டுப் பேச்சில் அவ்வொலி பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டதால், அங்குள்ளவர் மூளை அதைப் பக்கத்திலுள்ள ‘ட’வில் சேர்த்துவிடுகிறது. காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். எது எந்த எழுத்து என்று தீர்ப்பது தாய்மொழியில் பழகிய மூளை. இது வெறும் அச்சுப் பழக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். எழுத்தே அறியாத கைக்குழந்தைகளிடம் அந்த வாதம் நிற்காது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் ‘த’, ‘ட’ இரண்டையும் பிரித்தறிந்தன. ஒரு வயதை எட்டும்போது பெரும்பாலானவற்றால் அது முடியவில்லை. செவியில் குறை எதுவும் வரவில்லை. வீட்டில் பயன்படாத வேறுபாட்டை மூளை பொருட்படுத்தாமல் விட்டது, அவ்வளவுதான்.

ஒலியைத் தரம்பிரிக்கும் இதே மூளை ஆளையும் தெரிந்தெடுக்கிறது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் இயந்திரம் இரைய, நாலு பேர் ஒரேநேரத்தில் பேசினாலும் நமக்கு வேண்டியவர் சொல்வது விளங்குகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் மெஸ்கரானி, சாங் என்னும் ஆய்வாளர்கள், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனைகள் பொருத்தியிருந்தவர்களுக்கு இரண்டு குரல்களைக் கலந்து கேட்கச் செய்தார்கள். மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டுமடலின் மேற்பகுதியில் பதிவான மின்குறிகள், அவர்கள் கவனித்த குரல் தனியே ஒலித்தால் எப்படியிருக்குமோ ஏறக்குறைய அப்படியே இருந்தன. மற்றக் குரலும் காதுக்குள் போனதுதான்; மூளை அதைப் பின்தள்ளிவிட்டது.

அப்படியானால் புதிய ஒலிகளைப் பிரித்தறியும் கதவு ஒரு வயதோடு அடைபட்டதா? இல்லை. ஆங்கில ர, ல வேறுபாடு பிடிபடாத வயதுவந்த ஜப்பானியர்களும் பயிற்சியால் முன்னேறியிருக்கிறார்கள், மெதுவாக, அரைகுறையாக. குழந்தைக்கு அது எளிது, ஆனால் ஓர் ஆள் வேண்டும். பெட்ரீசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சீனமொழி பேசுபவர் நேரில் இருந்து விளையாடியபோது 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்தவை கற்கவில்லை. ரொறன்ரோவில் பேரப்பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டை ரிவியில் போட்டுவிட்டு ஓய்ந்திருக்கும் அம்மம்மாமாரே, தூக்கி மடியில் வைத்து நீங்களே கதையுங்கள்.