கணினிக்கு ஏற்ற சிறு பெட்டி எது?

பொருளுக்கேற்ற கலம் வேண்டும் என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். தயிரை மண்சட்டியில் உறைய வைப்பர். ஊறுகாயைச் சாடியில் இடுவர். நெல்லைச் சாக்கிலே கட்டி வைப்பர். இவற்றை மாற்றி வைத்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், இலட்சத்தைத் தாண்டும் விலை கொடுத்து வாங்கும் கணினிக்கு மட்டும், பார்வைக்கு அழகாயிருக்கின்றது, கைக்கு அடக்கமாயிருக்கின்றது என்ற அளவிலேயே கலத்தைத் தெரிந்துவிடுகின்றோம்.

கணினியின் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஆர்வம் இன்று கல்முனை முதல் திருக்கோவில் வரையுள்ள நம் ஊர்களின் மாணவரிடையேயும் காணப்படுகின்றது. போற்றத்தக்க ஆர்வமே அது. ஆனால், கேசிங் என்று கடைக்காரர் கூறும் அந்தப் பெட்டியைப் பற்றிய எண்ணம் அவர்களுக்குக் கடைசியிலேதான் வருகின்றது. கையில் எஞ்சிய பணத்துக்கு அகப்பட்ட பெட்டியை வாங்குகின்றனர். முதலில் எண்ண வேண்டியதைக் கடைசியில் எண்ணுவதனால் வரும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறிய பெட்டி வேண்டும் என்னும் விருப்பம் தவறன்று. நம் வீடுகளிற் பலவற்றில் படிப்பு மேசையும் உணவு மேசையும் ஒன்றே. அங்கே பருத்ததொரு பெட்டிக்கு இடமேது? இன்னொரு காரணமும் உண்டு. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் அம்பாறை மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. நீர் வாசற்படியை அணுகும் வேளையில், பாடக்குறிப்புக்கள் யாவற்றையும் தன்னுள் அடக்கிய கணினியை ஒரு கையால் தூக்கிச் செல்ல முடியுமாயின் அது சிறு நன்மையன்று.

அளவுகள் பிறந்த கதை

1981 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதன் அமைப்பைப் பிறரும் அறியக்கூடியதாக இருந்தமையால், பல நிறுவனங்கள் அதனோடு பொருந்தும் உறுப்புக்களைச் செய்யலாயின. ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டிக்குள் அமைய வேண்டுமானால் இருவருக்கும் பொதுவானதோர் அளவு வேண்டுமன்றோ? 1995 இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ் என்னும் அளவை வகுத்தது. அதன்படி, மதர்போட் எனப்படும் தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. 1997 இல் மைக்ரோ ஏ.ரி.எக்ஸ் வந்தது, அது பக்கமொன்று 244 மில்லிமீற்றரான சதுரம். 2001 இல் தைவான் நாட்டு வயா நிறுவனம் மினி ஐ.ரி.எக்ஸ் என்னும் 170 மில்லிமீற்றர்ச் சதுரப் பலகையை அறிமுகஞ் செய்தது. வீட்டிற் பூட்டும் சிறு கணினிகளிற் பெரும்பாலானவை இவ்விறுதி இரண்டில் ஒன்றையே தழுவியவை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இப்பலகைகளின் திருகாணித் துளைகள் பெரியதற்கும் சிறியதற்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆதலால் மைக்ரோ ஏ.ரி.எக்ஸ் பெட்டிக்குள் மினி ஐ.ரி.எக்ஸ் பலகையையும் பூட்டலாம், மினி ஐ.ரி.எக்ஸ் பெட்டிக்குள் மற்றதைப் பூட்டவியலாது.

பெட்டியின் சிறுமையை லீற்றரில் அளந்து கூறுவது வழக்கம். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். 45, 21, 40 என்ற அளவுள்ள வழக்கமான பெட்டி ஏறக்குறைய 38 லீற்றர். 35, 20, 36 என்ற அளவுள்ளது 25 லீற்றர். 30, 20, 25 என்ற அளவுள்ளது 15 லீற்றர். கடைக்குச் செல்லுமுன் மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்த்தல் நன்று.

வெப்பமே முதற் பகை

கணினி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகின்றது. 65 வாற்று அளவில் இயங்கும் நுண்செயலி ஒன்றே ஒரு மின்குமிழின் சூட்டைத் தரும். விளையாட்டுக்கோ படத்தொகுப்புக்கோ தனியாகக் கிராபிக்ஸ் காட் பூட்டினால், மேலும் 100 முதல் 200 வாற்று வரை சேரும். இவ்வளவையும் ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்து மூடினால் உள்ளே அடுப்பே உண்டாகும்.

மேலைநாட்டார் ஒரு பெட்டியைச் சோதித்து, அதற்குள் நுண்செயலி 78 பாகையில் நின்றது என எழுதுவதாகக் கொள்வோம். அவர்களின் அறை 22 பாகையில் இருந்திருக்கலாம். தம்பிலுவிலில் கோடைகால நண்பகலில் அறை வெப்பம் 32 பாகையைத் தொடுதல் புதிதன்று. உட்புகும் காற்று எவ்வளவு சூடானதோ, ஏறக்குறைய அவ்வளவுக்கு உள்ளிருக்கும் உறுப்பின் வெப்பமும் உயரும். எனவே அங்கே 78 என்பது இங்கே 88 ஆகும். நுண்செயலிகள் பல 95 அல்லது 100 பாகையை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்வன. அதிக விலை கொடுத்து வாங்கிய வேகம் வெயிற்காலத்தில் நமக்குப் பயன்படாமற் போகும்.

ஆதலின், பெட்டியின் முகப்பு கண்ணாடியால் மூடப்படாமல் வலைத்துளைகள் உடையதாயிருத்தல் வேண்டும். முன்னிருந்து காற்றுப் புகுந்து பின்புறமும் மேற்புறமும் வெளியேற வழி வேண்டும். விசிறிகள் 120 மில்லிமீற்றர் அளவினவாயின் மெல்லச் சுழன்றே வேண்டிய காற்றைத் தள்ளும். 80 மில்லிமீற்றர் விசிறி அதே வேலைக்கு விரைந்து சுழன்று இரைச்சலிடும். இரவிற் படிக்கும் வீட்டில் அவ்விரைச்சலும் ஒரு தொல்லையே.

நம் கரையோரத்துக்கு வேறிரு பகைகளும் உள. ஒன்று உப்புக்காற்று. வெட்டிய ஓரங்களிற் பூச்சில்லாத மெல்லிய தகரப் பெட்டி விரைவிலே துருவேறும். மற்றொன்று எறும்பும் பல்லியும். காற்றுத் துளைகள் யாவற்றுக்கும் கழற்றிக் கழுவத்தக்க மெல்வலை உண்டா என விரலால் தடவிப் பார்த்தே வாங்குக.

பழுது நேர்ந்தால்?

சிறிய பெட்டிகளிற் பல, எஸ்.எப்.எக்ஸ் என்னும் சிறு பவர் சப்ளையையே ஏற்கும். அதன் அளவு 125, 100, 63.5 மில்லிமீற்றர். வழக்கமான ஏ.ரி.எக்ஸ் பவர் சப்ளையோ 150, 140, 86 மில்லிமீற்றர். இடியும் மின்தடையும் மலிந்த நம் பகுதியில் முதலிற் பழுதாகும் உறுப்புக்களில் இதுவும் ஒன்று. பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கையில் இது கெட்டுவிட்டால், வழக்கமான அளவினதைக் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அன்றே தேடிப் பெறக்கூடும். சிறிய வகையைத் தேடுவோர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பு பம்பலப்பிட்டி வரை ஆள் அனுப்ப நேரிடலாம். மினி ஐ.ரி.எக்ஸ் பலகையும் தரத்தில் ஒத்த மைக்ரோ ஏ.ரி.எக்ஸ் பலகையைவிடப் பெரும்பாலும் விலை கூடியது. அதில் நினைவகத்துக்கு வழக்கமாக இரண்டு இடங்களும், விரிவு அட்டைக்கு ஓர் இடமுமே உள.

2022 இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுள் 360 ரூபாவுக்கு மேல் ஏறியதை எண்ணிப் பாருங்கள். இறக்குமதிப் பொருளை இருமுறை வாங்கும் வசதி நம்மிற் பலருக்கு இல்லை. இன்று பூட்டும் கணினி மூத்தவனுக்குப் பயன்பட்டபின் இளையவளுக்கும் உதவ வேண்டும். அதற்கு, இடையில் ஓர் உறுப்பை மாற்றவும் புதிதொன்றைச் சேர்க்கவும் பெட்டியில் இடம் இருத்தல் வேண்டும்.

முடிவாக ஒரு சொல்

பாடங் கற்கவும் நிரல் எழுதவும் கணினி வேண்டுவோரிற் பெரும்பாலோர்க்கு, 25 லீற்றர் அளவினதாய், மைக்ரோ ஏ.ரி.எக்ஸ் பலகையையும் வழக்கமான பவர் சப்ளையையும் ஏற்பதாய், வலைமுகப்பு உடையதாய் உள்ள பெட்டியே தக்கது. படிப்புக்குத் தனிக் கிராபிக்ஸ் காட் தேவையில்லை. நுண்செயலியோடு இணைந்த வரைகலையே போதும். அடிக்கடி ஊர் மாறும் பல்கலைக்கழக மாணவர், பின்னர் எதையும் சேர்க்கப் போவதில்லை எனத் துணிந்தால், 15 லீற்றருக்கு உட்பட்டதைத் தெரிதலும் பொருந்தும்.

எதை வாங்கினும், கடைக்குப் போகுமுன் நான்கு அளவுகளைத் தாளில் எழுதிக்கொள்க: தாய்ப்பலகையின் வகை, பவர் சப்ளையின் வகை, நுண்செயலியின் மேல் அமரும் குளிர்விப்பானின் உயரம், கிராபிக்ஸ் காட் உண்டாயின் அதன் நீளம். குளிர்விப்பான்களில் 37 மில்லிமீற்றர் உயரமானவையும் உள, 155 மில்லிமீற்றரைத் தாண்டுவனவும் உள. இவ்வேறுபாட்டை அறியாதார் பெட்டியை மூட முடியாமல் திகைப்பர். வீட்டுக்குக் கொணர்ந்தபின் பெட்டியைத் தரையில் வையாது மேசைமேல் வைத்து, சுவருக்கும் அதற்குமிடையே ஒரு சாண் இடைவெளி விடுக.

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். பெட்டி சிறுத்திருப்பதில் பெருமை ஒன்றுமில்லை. அதனுட் காற்று உலாவ வேண்டும். பழுது நேர்ந்த நாளில் அதனுட் கை நுழைய வேண்டும். இவ்விரண்டையும் தரும் பெட்டிகளுள் மிகச் சிறியது எதுவோ, அதுவே உங்கள் வீட்டுக்கு உரியது.