கடன் வாங்கிப் படித்தவர்கள் - 7: வேலைக்கு முன்பே வரும் தவணை

படிப்பு முடிந்து ஓராண்டு ஆகும்போது, வங்கியிலிருந்து அந்தக் குறுஞ்செய்தி வருகிறது. இன்ன தேதிக்குள் முதல் தவணையைக் கட்ட வேண்டும். வேலை கிடைத்ததா என்று அது கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரின் மகள், இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. படிப்புக்கு 4 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 லட்சமாக வங்கி நேரே கல்லூரிக்கு அனுப்புகிறது. வட்டி 10.5 சதவீதம். படிக்கும் 2 ஆண்டுகளும், முடித்தபின் 1 ஆண்டும் தவணை கிடையாது. ‘அதுவரைக்கும் வட்டியும் கிடையாது’ என்றுதான் பல வீடுகளில் நம்புகிறார்கள். ஆனால், பணம் கல்லூரிக்குப் போன அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. முதல் 2 லட்சத்துக்கு 3 ஆண்டு வட்டி 63,000 ரூபாய். அடுத்த 2 லட்சத்துக்கு 2 ஆண்டு வட்டி 42,000. இரண்டும் அசலோடு சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,05,000 ரூபாயாக நிற்கிறது.

இதை 10 ஆண்டுகளில் அடைக்க, மாதம் சுமார் 6,800 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதம் கட்டும் பணத்தில் 4,400 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,400 ரூபாய்தான். சென்னையில் 18,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தவள், விடுதி வாடகையும் சாப்பாடும் பேருந்துக் கட்டணமும் போக இதை எடுத்து வைக்க வேண்டும். காலத்தை 15 ஆண்டாக நீட்டினால் தவணை சுமார் 5,600 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் கட்டும் தொகை 8 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 10 லட்சத்தைத் தாண்டிவிடும்.

தவணை இல்லாத இந்தச் சலுகைக் காலத்தின் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அப்பாவின் சம்பளம் மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4.8 லட்சம், கதவு மூடிவிட்டது. முதுநிலை மாணவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. இந்தச் சலுகை ஒருவருக்கு ஒரு முறைதான். இளநிலைப் படிப்பில் அதைப் பயன்படுத்தியவருக்கு முதுநிலையில் கிடைக்காது.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால், வங்கி அந்தக் கணக்கை வாராக்கடன் பட்டியலில் சேர்க்கிறது. இந்தக் கடனில் பெற்றோரும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர்கள். மகளின் பாக்கி, அப்பாவின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறுகிறது. வீட்டுக்கு மாடி எடுக்கக் கடன் கேட்டுப் போகும் நடத்துநருக்கு அங்கேதான் விஷயமே தெரியவரும். ‘ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?’ என்று அவர் கேட்பதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும். வங்கியின் எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெண் கழித்த ஆறு மாதம் அது.

தமிழ்நாட்டில் இதோடு ஒரு காத்திருப்பும் சேர்ந்துகொள்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டின் தேர்தல் அறிக்கைகளிலும் கல்விக் கடன் தள்ளுபடி இடம்பெற்றது. ‘எப்படியும் தள்ளுபடி வரும், இப்ப எதுக்குக் கட்டணும்?’ என்று காத்திருந்த வீடுகள் ஏராளம். அறிவிப்புக்காக வங்கிக் கணக்கில் வட்டி நிற்பதில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. 2017-இல் 900 கோடி ரூபாயில் அந்த மாநில அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒழுங்காக நடக்கும் கணக்குகளுக்கு முதல் ஆண்டில் தவணையின் 90 சதவீதத்தை அரசே கட்டும்; அடுத்தடுத்த ஆண்டுகளில் 75, 50, 25 என்று குறைத்துக்கொண்டே வரும். வேலை தேடும் முதல் ஆண்டுகள்தாம் கழுத்தை இறுக்குபவை என்பதைப் புரிந்துகொண்டு வகுத்த கணக்கு அது.

அப்படி ஒரு கை கொடுக்காத இடத்திலும், கடன் திட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. நம் வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்தது. 2015-இல் அதைத் திருத்தியபோது, வேலை இல்லாத காலத்தையும் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கும் காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். ஒரு தடவைக்குப் பொதுவாக 6 மாதத்துக்கு மிகாமல், கடன் காலத்தில் இரண்டு மூன்று தடவை தவணையைத் தள்ளிவைக்க வங்கி இடம் கொடுக்கலாம். ஆரம்பத்தில் குறைவாகவும் சம்பளம் கூடக்கூட அதிகமாகவும் கட்டும் ஏற்பாடும் உண்டு. இரண்டையும் முடிவுசெய்வது வங்கிதான்; தானாக வராது, கேட்க வேண்டும். தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி உண்டு. ஆனாலும் கணக்கு கெடாமல் இருக்கும், அப்பாவின் பெயரும் கெடாது.

வசூல் முகவர்களுக்கும் எல்லை உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது.

ஆகவே, அந்த நடத்துநரின் மகள் முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போக வேண்டும். கையில் ஒரு பக்க மனு, மூன்று மாதச் சம்பள ரசீது. வேலையே கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பித்த நிறுவனங்களின் பட்டியல். மனுவில் கடன் கணக்கு எண், எத்தனை மாதம் அவகாசம் வேண்டும், இப்போதைக்கு மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற மூன்றும் இருக்கட்டும். அப்பாவையும் கூட அழைத்துப் போகட்டும். கிளம்பும்போது, மனுவின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்த வாரம்: லோக் அதாலத்தில் ‘பாதி கட்டினால் போதும்’ என்று முடிக்கும் கடன், சிபில் அறிக்கையில் எப்படிப் பதிவாகிறது?

(தொடரும்)