கணினித் திரையில் நடுவு நிலைமை

நடுவு நிலைமை என்றதும் வள்ளுவர் வகுத்த அதிகாரமே நம் நினைவுக்கு வரும். ஈண்டு நான் பேச வந்தது அந்த அறத்தைப் பற்றியன்று. கணினித் திரையில் ஒரு பெயரைப் பெட்டியின் சரி நடுவில் நிறுத்துவதைப் பற்றியே. இஃதென்ன பெரிய செயல் என்று எண்ண வேண்டா. நிரல் எழுதப் புகும் மாணவர் தடுமாறும் இடங்களுள் இதுவும் ஒன்று. தமிழ்ப் பெயர்கள் திரையில் வெட்டுண்டு நிற்பதற்கும் இங்கே ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது.

மேசைக் கணினியில் ஒரு நிரலைத் திறந்தால் பொத்தான்களும் கட்டங்களும் தெரிகின்றன. அவற்றினிடையே, வேறு வேலையின்றிப் பெயரை மட்டும் தாங்கி நிற்கும் பெட்டிகளும் உள்ளன. அவற்றை லேபிள் என்பர்.

அந்தமானில் ஹேவ்லாக் தீவில் குடியேறிய தமிழருள் ஒருவன் நான். ஆதலின் எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கப்பல், படகுச் சீட்டு வழங்கும் நிரல் ஒன்றை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 200 புள்ளி அகலமுள்ள லேபிளின் நடுவில் ‘ஹேவ்லாக்’ என்ற பெயர் அமைய வேண்டும். பெயர் 80 புள்ளி இடத்தைக் கொள்ளுமாயின் மிச்சம் 120. அதை இரண்டாகப் பகுத்தால் இருபுறமும் 60. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர், தலைப்பின் இருமருங்கிலும் சம அளவு வெற்று ஈயத் துண்டுகளைச் செருகியதும் இக்கணக்கை ஒட்டியே.

இந்த 60 என்ற எண்ணை நிரலில் அப்படியே எழுதிவிட்டால் என்ன? அல்லது பெயருக்கு முன்னால் சில வெற்றிடங்களைத் தட்டிவிட்டால் என்ன? அன்றைக்குத் திரை அழகாகவே இருக்கும். ஆனால் 2018 டிசம்பர் 30 அன்று எங்கள் தீவின் பெயர் ‘ஸ்வராஜ் த்வீப்’ என மாற்றப்பட்டது. புதுப் பெயர் 130 புள்ளி கொள்வதாக வைத்துக்கொள்வோம். 60இல் தொடங்கினால் வலப்புறம் எஞ்சுவது 10 மட்டுமே. நிரலில் யாரும் கை வைக்கவில்லை. ஆயினும் நடு போயிற்று. ஏன்? நடு என்பது ஓர் எண் அன்று. பெட்டிக்கும் பெயருக்கும் உள்ள உறவு. அந்த உறவை ஒவ்வொரு முறையும் கணினியே கணக்கிடுமாறு விட வேண்டும்.

எழுத்துகளை எண்ணி அகலத்தைக் கண்டுவிடலாமே எனின், தமிழில் அது கைகொடாது. ‘ஹேவ்லாக்’ என்பதில் நம் கண்ணுக்கு எழுத்து நான்கு. யூனிகோடு முறையில் குறிகள் எட்டு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். நான்கென்றே கொண்டாலும் ‘ஹே’யும் ‘க்’கும் ஒரே அகலமா? எழுத்துருவைக் கேட்டு அளப்பதே வழி.

இனி, ‘நடுவில் வை’ என்று சொல்லியும் பெயர் நகர மறுப்பதுண்டு. அப்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று: லேபிளுக்குள் எழுத்து நடுவில் இருக்கிறதா? இரண்டு: தன் அறைக்குள் லேபிள் நடுவில் இருக்கிறதா? மூன்று: அந்த அறைக்குச் சாளரத்தின் மிகை இடம் பங்கிடப்பட்டிருக்கிறதா?

க்யூட் கருவித்தொகுதியில் லேபிள் பொதுவாக அறை முழுவதும் பரவும். எழுத்து மட்டும் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அங்கே சரிசெய்ய வேண்டியது முதல் கேள்வியை. பைத்தானின் டிகின்டரில் நிலைமை வேறு. கிரிட் முறையில் எழுத்தும் நடுவில், லேபிளும் அறையின் நடுவில். ஆனால் பத்திக்கு ‘வெயிட்’ கொடுக்காவிட்டால் அந்த அறையே பெயரளவுக்குச் சுருங்கிச் சாளரத்தின் இடது மூலையில் ஒதுங்கிவிடும். நோய் ஒன்று போலத் தோன்றினும் மருந்து வேறு. ‘ஜஸ்டிஃபை’ என்பதை மாற்றிப் பார்த்துச் சலிப்பவரும் உளர். அது பல வரிகள் இருக்கும்போது அவ்வரிகளை ஒன்றோடொன்று ஒழுங்கு செய்வது மட்டுமே.

அகலம் போலவே உயரத்திலும் சிக்கல் உண்டு. ‘தி’, ‘மீ’ ஆகியவற்றின் மேற்குறி மேலே எழும்; ‘பு’, ‘வு’ ஆகியவற்றின் கீழ்க்குறி கீழே இறங்கும். இரண்டுக்கும் எழுத்துரு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கிறது. ஆகவே மேற்குறியும் கீழ்க்குறியும் இல்லாத பெயர் சற்றே ஏறியோ இறங்கியோ தோன்றலாம். அதற்காக ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே நகர்த்தினால் வரிசையில் உள்ள பெயர்கள் படிக்கட்டுப் போல் ஆகிவிடும். அடிக்கோடு ஒன்றாக இருப்பதே கண்ணுக்கு இனிது.

இன்னொரு பெயரையும் பாருங்கள். அதே நாளில் ‘ராஸ்’ தீவு ‘நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப்’ ஆயிற்று. இது 260 புள்ளி கொள்ளுமாயின், 200இல் 260 போக மிச்சம் குறை 60. இருபுறமும் முப்பது முப்பது வெட்டு. இடப்பக்கம் ஒட்டி நின்ற பெயராயின் வால் மட்டுமே போகும். நடுவில் நின்ற பெயர் தலையையும் வாலையும் ஒருங்கே இழக்கும். ஆகவே நடுவில் நிறுத்துமுன் இடம் போதுமா என்று பார்ப்பது கடமை. வரப்போகும் பெயர்களுள் மிக நீண்டதை அளந்து, அதற்கேற்ப லேபிளின் குறைந்த அகலத்தை வகுக்கலாம். அல்லது பெயரை இரண்டு வரியாக மடிக்கலாம்.

தமிழுக்கு நேர்வதும் இதுவே. ஆங்கிலப் பெயருக்கென்று கச்சிதமாக அளந்த பெட்டியில் தமிழ்ப் பெயரைக் கொண்டுபோய்த் திணிக்கின்றனர். அது வெட்டுண்டதும், தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று பயனர் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகின்றார். குற்றம் மொழியினுடையதா, பெட்டியை அளந்த கையினுடையதா?

நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடித்துவிட்டோம் என்று எழுமுன், உங்கள் திரையிலுள்ள மிகச் சிறிய ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு, நீங்கள் அறிந்தவற்றுள் மிக நீண்ட தமிழ்ப் பெயரை அங்கே இடுங்கள். பிறகு சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குங்கள், சிறிதாக்குங்கள். பெயர் முழுமையாக, நடுவில் நின்றால் உங்கள் வேலை முடிந்தது.