குளோரின் அளவு ஓகே... ஆனால், கிருமி சாகுமா? பி.எச். போடும் கணக்கு

அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருப்பதாக டெஸ்ட் கிட்டின் நிறமும் காட்டிவிட்டது. ‘அப்புறம் என்ன, தண்ணி சேஃப்தானே?’ என்று கேட்டால், உடனே ‘ஆமாம்’ என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரின் பி.எச். எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கான விடை, ப்ளஸ் டூ வேதியியலில் மார்க்குக்காகப் படித்து மறந்துபோன ‘அயனிச் சமநிலை’ பாடத்தில் இருக்கிறது.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

குளோரின் வாயுவோ, பிளீச்சிங் பவுடரோ, எதைக் கலந்தாலும் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. இது வலிமை குறைந்த அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம்போல முழுசாகப் பிரிந்துவிடாது. ஒரு பகுதி அமிலமாகவே இருக்கும். மீதி, ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு ஹைப்போகுளோரைட் அயனியாகிவிடும்.

இரண்டில், கிருமியைக் கொல்வதில் கில்லாடி அமிலம்தான். அதற்கு மின்சுமை கிடையாது. பாக்டீரியாவுக்குள் எளிதாக நுழைந்துவிடும். அயனிக்கோ எதிர்மின்சுமை. பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் எதிர்மின்சுமை இருப்பதால், அது விலக்கித் தள்ளப்படுகிறது.

சிக்கல் என்னவென்றால், டெஸ்ட் கிட் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும்.

கணக்கு எப்படி?

வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தூய நீரில் கரைத்தால், பிரிந்த அளவை ‘எக்ஸ்’ என்று வைத்து இருபடிச் சமன்பாடு போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அந்த வேலை மிச்சம். அதிலுள்ள பைகார்பனேட் உப்புகள் பி.எச். அதிகம் மாறாமல் பிடித்து வைத்திருக்கும். அந்த பி.எச். எண் தெரிந்தாலே போதும்.

25 டிகிரி செல்சியஸில் ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கான எண் சுமார் 7.5. பி.எச். அதே 7.5 என்றால் அமிலமும் அயனியும் பாதிக்குப் பாதி. பி.எச். ஒரு படி ஏறினால் அயனியின் விகிதம் 10 மடங்கு கூடும். ஒரு படி இறங்கினால் 10 மடங்கு குறையும்.

0.5 மில்லிகிராம் குளோரினில் அமில வடிவம் எவ்வளவு?

பி.எச். 6.5: 91% (0.45 மி.கி.)
பி.எச். 7.5: 50% (0.25 மி.கி.)
பி.எச். 8.0: 24% (0.12 மி.கி.)
பி.எச். 8.5: 9% (0.045 மி.கி.)

கிட் காட்டும் எண் நான்கிலும் ஒன்றுதான். ஆனால், வீரியமான வடிவத்தில் 10 மடங்கு வித்தியாசம்!

விதிமுறை என்ன சொல்கிறது?

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். அதாவது, பட்டியலில் உள்ள நான்கு தண்ணீருமே பி.எச். சோதனையில் ‘பாஸ்’. உலக சுகாதார நிறுவனமோ, பி.எச். 8-க்குக் கீழ் இருக்க வேண்டும், குறைந்தது 30 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறது.

‘இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டா சரியாயிடுமே?’

குளோரின் கூடும்தான். ஆனால், பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் இருப்பதால், அளவு மீறினால் பி.எச். இன்னும் ஏறும். வாடையும் தூக்கலாக இருக்கும்.

அதற்காக அயனி வீண் என்று அர்த்தமில்லை. அமிலம் செலவாகச் செலவாக, சமநிலையைக் காக்க அயனி மறுபடி அமிலமாக மாறும். ஒரே நேரத்தில் இருக்கும் அமிலம் குறைவு என்பதால், கிருமி சாக நேரம் கூடுதலாகப் பிடிக்கும். எனவே, குளோரின் போட்டவுடன் வால்வைத் திறந்துவிடாமல் குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். குளோரின் பார்க்கும்போதே பி.எச்.சையும் பார்த்து, இரண்டு எண்களையும் பதிவேட்டில் எழுதி வைப்பது நல்லது. பி.எச். 8-ஐத் தாண்டியிருந்தால், பவுடரை அள்ளிக் கொட்டுவதற்கு முன்பு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கேட்டுக்கொள்ளலாம்.