ஒரு ஷில்லிங் விமர்சகர்!

பத்து வயசுப் பையனிடம் நீங்கள் என்ன வேலை சொல்வீர்கள்? கடைக்குப் போய்க் கொத்துமல்லி வாங்கிவரச் சொல்வீர்கள். மனசு வந்தால், ‘மீதிச் சில்லறையை நீயே வெச்சுக்கோடா!’ என்பீர்கள்.

இங்கிலாந்தில் ஓர் அப்பா வேறு வேலை கொடுத்தார். அச்சாகாத ஒரு கதையைப் பையன் கையில் திணித்து, புத்தகமாகப் போடலாமா, வேண்டாமா என்று எழுதித் தரச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங்!

அப்பா, லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின். பையன் பெயர் ரெய்னர். வருடம் 1936. கதை... ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’!

குழந்தைப் புத்தகத்துக்குக் குழந்தைதான் சரியான நீதிபதி என்பது ஸ்டான்லியின் கட்சி. அந்தக் கதையோ, வளை வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த பில்போவை, ஒரு மந்திரவாதியும் 13 குள்ளர்களும் டிராகனிடமிருந்து புதையலை மீட்கக் கிளப்பிக்கொண்டு போகிற கதை.

ரெய்னர் படித்தான். ஒரே பாராவில் கதைச் சுருக்கம் எழுதினான். நடுநடுவே ஸ்பெல்லிங் மிஸ்டேக்! கடைசியில் தீர்ப்பு: கதை நன்றாக இருக்கிறது, மேப் இருப்பதால் படம் தேவையில்லை, 5 முதல் 9 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும். (ஐயாவுக்குத்தான் பத்தாகிவிட்டதே... தன்னைச் சேர்த்துக்கொள்வாரா!)

டோல்கீன் வீட்டிலும் ஒரு குட்டி விமர்சகன் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் இந்தக் கதையைச் சொல்லும்போது, சின்ன வயசு கிறிஸ்டோபர் குறுக்கே புகுந்து, போன தடவை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்களே, இப்போது பச்சை என்கிறீர்களே என்று மடக்கினானாம். அப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய்க் குறித்துவைத்துக்கொண்டார்!

1937 செப்டம்பரில் புத்தகம் வந்தது. முதலில் அச்சிட்டது 1,500 பிரதிகள்தான். கிறிஸ்துமஸுக்கு முன்பே காலி! ஹாபிட்கள் பற்றி இன்னொரு கதை வேண்டும் என்று ஸ்டான்லி கேட்க, டிசம்பரிலேயே உட்கார்ந்தார் டோல்கீன். எழுதி முடிக்க 12 வருடம் ஆயிற்று. அதுதான் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’.

அதைப் போடலாமா என்ற கேள்வி வந்தபோது, பதிப்பகத்தில் இருந்தவர் யார் தெரியுமா? வளர்ந்துவிட்ட அதே ரெய்னர்! அற்புதமான புத்தகம், ஆனால் ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று அப்பாவுக்கு எழுதிக் கேட்டார். அது மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் ஆயிரத்தை இழக்கலாம் என்று பதில் வந்தது. 1954-55ல் மூன்று பாகங்களாக வந்த அந்தப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது.

சுமார் அறுபது வருடம் கழித்து, அதே லண்டனில் இன்னொரு பதிப்பாளர், பல கம்பெனிகள் வேண்டாமென்று திருப்பிய ஒரு கதையின் ஆரம்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். எட்டு வயது மகள் படித்துவிட்டு, மீதி எங்கே, மீதி எங்கே என்று அவரை நச்சரித்துவிட்டாள். 1997ல் வெளியானது... முதல் ஹாரி பாட்டர்!

நாம் என்ன செய்கிறோம்? குழந்தை புத்தகத்தை மூடியதுமே, ‘எத்தனை பக்கம் முடிச்சே? கதையோட நீதி என்ன?’ என்று பரீட்சை வைக்கிறோம். ‘உனக்குப் பிடிச்சுதா?’ என்று மட்டும் கேட்பதில்லை. ‘போர்ப்பா’ என்று சொன்னால் கோபம் வேறு வருகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாண்டிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, நாலு வரி அபிப்பிராயம் எழுதச் சொல்லுங்கள். பத்து ரூபாய் சன்மானமும் அறிவியுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. ஸ்பெல்லிங் மிஸ்டேக்குக்காகக் காசைக் குறைக்கக் கூடாது!